ஒரு பல்கலைக்கழகத்தின் ஆய்வுப் பரப்பை ஒரே அட்டவணையில் காட்ட முடியுமா?

நூலகப் பொறுப்பாளர்

வணக்கம். பல்கலைக்கழக நூலகத்தில் ஆய்வு வெளியீடுகளைத் திரட்டிப் பதியும் பணியில் இருக்கிறேன். ஆண்டு முடிவில் எல்லாத் துறைகளிலிருந்தும் வந்தவற்றைத் தொகுத்து, துறைவாரியாக எண்ணிக்கை போட்டு நிர்வாகத்திடம் கொடுக்க வேண்டும். அந்த அட்டவணையைப் பார்க்கும் எவருக்கும் மருத்துவம், வேதியியல், பொறியியல் ஆகிய மூன்றும் சேர்ந்ததே பல்கலைக்கழகம் என்ற எண்ணம் வந்துவிடும். மெய்யியல், தொல்லியல், சட்டம், இசை ஆகியவை ஒற்றை இலக்கத்தோடு அடியில் கிடக்கும். அத்துறையினர் உழைக்கவில்லை என்று யார் சொன்னாலும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அவர்கள் கேட்கும் அரிய நூல்களையும் ஆவணப் படிகளையும் நாள்தோறும் எடுத்துக் கொடுப்பவன் நான்.

எல்லாவற்றையும் ஒரே அலகால் எண்ணுவது பொருந்தாது என்றால், வேறு எப்படிக் காட்டுவது? உங்கள் துறையில் ஓர் ஆய்வு முடிந்தது என்று எப்போது சொல்வீர்கள், அது எந்த வடிவில் வெளிவருகிறது, அதை நம்பலாம் என்று யார் எப்படித் தீர்மானிக்கிறார்கள் என்பதை அவரவர் துறையிலிருந்து விளக்கி எழுதினால் பேருதவியாக இருக்கும்.

கணித ஆசிரியர்

நல்ல கேள்வி ஐயா. எங்கள் துறையில் முடிவு என்பது நிறுவல்தான், அதாவது ஒரு கூற்று உண்மை என்று படிப்படியாகக் காட்டும் வாதம். நிறுவலில் ஓர் இடைவெளி இருந்தாலும் முடிவு இல்லை. ஃபெர்மாவின் கடைசித் தேற்றத்தை நிறுவிவிட்டதாக ஆண்ட்ரூ வைல்ஸ் 1993 ஜூன் மாதத்தில் அறிவித்தார். சரிபார்த்தவர்கள் ஓர் இடத்தில் வாதம் நிற்கவில்லை என்று கண்டார்கள். ரிச்சர்ட் டெய்லரின் துணையோடு 1994 செப்டம்பரில் அது சரிசெய்யப்பட்டு, 1995இல் அச்சேறியது. அதற்கு முன் பல ஆண்டுகள் அவர் அந்த ஒன்றையே எண்ணிக் கொண்டிருந்தார். உங்கள் அட்டவணையில் அந்த ஆண்டுகள் எல்லாம் பெரும்பாலும் வெற்றிடமாகவே இருந்திருக்கும்.

மேற்கோள் எண்ணிக்கையைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். ஓர் இதழின் தாக்கக் காரணி என்பது, அது முந்தைய இரண்டு ஆண்டுகளில் வெளியிட்ட கட்டுரைகள் இந்த ஆண்டில் சராசரியாக எத்தனை முறை மேற்கோள் காட்டப்பட்டன என்பதுதான். இரண்டு ஆண்டு என்ற எல்லை எங்கள் துறைக்குச் சற்றும் பொருந்தாது. ஒரு பரப்பின் மேலுள்ள சார்பை (ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு மதிப்பைத் தருவதை), அதன் வழியே செல்லும் எல்லாக் கோடுகளிலும் அதற்குக் கிடைக்கும் தொகையீடுகளை, அதாவது கோட்டின் நெடுக அம்மதிப்புகளைக் கூட்டி வரும் தொகைகளை, கொண்டே மீட்டெடுக்கலாம் என்று யோஹான் ராடான் 1917இல் நிறுவினார். தூய கணிதம். இயற்பியலாளர் ஆலன் கோர்மக் 1963, 1964 ஆண்டுகளில் எக்ஸ் கதிர் அளவீடுகளிலிருந்து உடலின் உட்பகுதியைக் கணிக்கும் முறையை எழுதியபோது ராடானின் கட்டுரை அவருக்குத் தெரியாது. அதே கணக்கைத் தாமே மறுபடி தீர்த்தார். கோர்மக்கின் கட்டுரைகளையும் அப்போது ஏறக்குறைய யாருமே கண்டுகொள்ளவில்லை. 1971 அக்டோபரில் லண்டனில் முதல் நோயாளிக்கு சி.டி. ஸ்கேன் எடுக்கப்பட்டது, 1979இல் கோர்மக்கும், அந்தக் கருவியை உருவாக்கிய பொறியாளர் ஹவுன்ஸ்ஃபீல்டும் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். இன்று மருத்துவமனைகளில் அன்றாடம் பயன்படும் ஒரு கருவியின் கணிதம், அரை நூற்றாண்டுக்கு மேல் ஓர் இதழின் பழைய தொகுதியில் உறங்கியிருக்கிறது. 1919இல் யாரேனும் அதை அளந்திருந்தால் என்ன மதிப்பெண் கிடைத்திருக்கும்?

இன்னொரு சிறு குறிப்பு: கணிதத்தில் ஆசிரியர் பெயர்கள் பெரும்பாலும் அகர வரிசையில்தான் வரும். முதற்பெயருக்குக் கூடுதல் புள்ளி தரும் முறையை எங்களிடம் கொண்டுவந்தால், பெயரின் முதலெழுத்துக்குப் பரிசு கொடுத்ததாகவே முடியும்.

இயற்பியல் ஆய்வகத்தார்

கணித ஆசிரியர் சொன்னதன் மறுகோடி எங்கள் துறையில் இருக்கிறது. ஹிக்ஸ் துகளின் நிறையைத் துல்லியப்படுத்தி 2015இல் செர்ன் துகள் இயற்பியல் ஆய்வகத்தின் அட்லஸ், சி.எம்.எஸ். ஆகிய இரு குழுக்களும் சேர்ந்து வெளியிட்ட கட்டுரையில் ஆசிரியர்கள் 5,154 பேர். கட்டுரையின் 33 பக்கங்களில் 24 பக்கங்கள் பெயர்களுக்கும் நிறுவனங்களுக்குமே சென்றுவிட்டன. அவர்களில் ஒருவர் உங்கள் பல்கலைக்கழகத்தில் இருந்தாலும் அட்டவணையில் ஒன்று கூடும். ஒரு வரலாற்றாசிரியர் தனியாளாக எழுதிய நூலுக்கும் அதே ஒன்றுதான் கூடும். இரண்டும் மதிப்புள்ளவை. ஆனால் இரண்டையும் கூட்டி வரும் தொகைக்குப் பொருள் எதுவும் இல்லை.

ஒரே துறைக்குள்ளும் வேகம் ஒன்றாக இருப்பதில்லை. குவீன்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் தாமஸ் பார்னெல் 1927இல் மாணவர்களுக்குக் காட்டுவதற்காக ஒரு சோதனையைத் தொடங்கினார். கட்டியாக, சுத்தியலால் தட்டினால் உடைந்து சிதறுவதாக இருக்கும் கரிய பிசினைச் சூடாக்கி, அடி மூடிய கண்ணாடிப் புனலில் ஊற்றினார். அது படிவதற்கு மூன்று ஆண்டுகள் விட்டு, 1930இல் புனலின் தண்டை வெட்டித் திறந்தார். திடப்பொருள் போலத் தெரிவது உண்மையில் மிக மெதுவாக ஓடும் பாய்மம் என்று காட்டுவதே நோக்கம். முதல் துளி விழுந்தது 1938இல். ஒன்பதாம் துளி புனலிலிருந்து பிரிந்தது 2014இல். பார்னெல் மறைந்த பிறகும் ஒருவர் மாற்றி ஒருவர் அதைப் பார்த்து வருகிறார்கள். அறிவியல் என்றால் விரைவு, கலை என்றால் நிதானம் என்று பிரித்துப் பேசுகிறவர்கள் அந்தப் புனலை ஒருமுறை நினைத்துப் பார்க்க வேண்டும்.

மருத்துவப் புள்ளியியலாளர்

நண்பர்கள் எழுதியவற்றை மதிக்கிறேன். ஆனாலும் எண்ணுவதையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதை என்னால் ஏற்க முடியவில்லை. எங்கள் துறையில் எண்ணாமல் விடுவதுதான் ஆபத்து. ஒரு மருந்தைப் பத்து இடங்களில் சோதித்து, பயன் தெரிந்த மூன்று சோதனைகளை மட்டும் அச்சிட்டு, மற்ற ஏழையும் அலமாரியில் வைத்துவிட்டால், அடுத்துப் படிக்கும் மருத்துவர் அந்த மருந்து வேலை செய்கிறது என்றே நம்புவார். இதற்காகத்தான் முக்கிய மருத்துவ இதழ்களின் ஆசிரியர் குழு, நோயாளிகளைச் சேர்ப்பதற்கு முன்பே பொதுப் பதிவேட்டில் பதியாத சோதனையை அச்சிடுவதில்லை என்ற விதியை 2005இல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. 1993இல் தொடங்கிய காக்ரேன் அமைப்பு செய்வதும் ஒரு கேள்விக்கு நடந்த எல்லாச் சோதனைகளையும் தேடி எடுத்து, எடை போட்டு, சேர்த்துப் படிப்பதுதான். முழு எண்ணிக்கை இல்லாமல் அந்தப் பணியே நடக்காது.

ஆகவே மருத்துவத்தின் நீண்ட பட்டியலைக் கண்டு, சிறு கட்டுரைகளை வெட்டி வெட்டி எண்ணிக்கை ஏற்றுகிறார்கள் என்று யாரும் முடிவுகட்ட வேண்டாம். அப்படிச் செய்பவர்களும் உண்டு, அது எனக்கும் வருத்தந்தான். ஆனால் ஒரு சோதனையின் செயல்திட்டத்தை முன்கூட்டி வெளியிடுவது, பயனற்ற முடிவையும் மறைக்காமல் வெளியிடுவது, மருந்தால் பாதிக்கப்பட்ட ஒரே ஒரு நோயாளியின் நிலையைத் தனிக் கட்டுரையாக எழுதுவது ஆகியவை எல்லாம் எங்கள் துறையின் கடமைகள். பொதுமக்கள் பணத்தில் நடக்கும் நிறுவனம் கணக்குக் காட்டத்தான் வேண்டும்.

வரலாற்று ஆய்வாளர்

புள்ளியியலாளர் சொல்லும் கடமையை நான் மறுக்கவில்லை. ஒரு துறையின் கடமையை இன்னொரு துறைக்கு அளவுகோலாக வைப்பதைத்தான் மறுக்கிறேன்.

சிகாகோ பல்கலைக்கழகத்தின் அசிரிய அகராதியை எடுத்துக்கொள்ளுங்கள். களிமண் பலகைகளில் ஆப்பெழுத்தில் எழுதப்பட்ட அக்காடிய மொழிக்கான அகராதி அது. 1921இல் பணி தொடங்கியது. முதல் தொகுதி அச்சில் வந்தது 1956இல். 21 தொகுதிகளோடு நிறைவு பெற்றதாக அறிவிக்கப்பட்டது 2011இல். தொண்ணூறு ஆண்டுகள். தொடங்கியவர்களில் ஒருவரும் முடிவைப் பார்க்கவில்லை. ஒவ்வொரு சொல்லும் எந்தப் பலகையில், எந்த வரியில், எந்தப் பொருளில் வருகிறது என்று அட்டைகளில் எழுதி அடுக்கினார்கள்; அப்படிச் சேர்ந்த அட்டைகள் ஏறத்தாழ 20 லட்சம். ஒரு சொல்லின் பொருளைத் தீர்மானிக்க, அந்தச் சொல் வரும் கடன் சீட்டு, கடிதம், மருந்துக் குறிப்பு, மன்னனின் கல்வெட்டு எல்லாவற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டியிருந்தது. இதனால் அகராதி என்று தொடங்கியது, ஒரு நாகரிகத்தின் வாழ்க்கையைச் சொல் வரிசையில் தரும் களஞ்சியமாக முடிந்தது. 1921 முதல் 1955 வரை அந்தத் திட்டத்தின் அச்சான தொகுதிகளை எண்ணினால் கிடைப்பது சுழியம்.

நமக்கு நெருக்கமான சான்றும் உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்து, 1939இல் அனுபந்தத்தோடு நிறைந்தது. அதைக் கையில் எடுக்காமல் தமிழாய்வு செய்தவர் யார்? ஆனால் அகராதியைப் புரட்டுகிறவர் அடிக்குறிப்பில் அதைக் குறிப்பிடுவது அரிது. மிகுதியாகப் பயன்படும் ஆய்வே மிகக் குறைவாக மேற்கோள் காட்டப்படுவது எங்கள் பக்கத்தில் அன்றாடம் காணக் கூடியது.

நம்பகம் எப்படித் தீர்மானிக்கப்படுகிறது என்று நூலகர் கேட்டிருந்தார். சோதனையை மறுபடி செய்து பார்க்க எங்களுக்கு வழியில்லை. 1857இல் நடந்ததை மறுபடி நடத்த முடியாது. ஆவணம் யார் கையால் எழுதப்பட்டது, எப்படிக் காப்பகத்துக்கு வந்து சேர்ந்தது, எழுதியவருக்கு அதை எழுத என்ன தேவை இருந்தது, அதே நிகழ்வை எதிர்த் தரப்பு எப்படிப் பதிந்திருக்கிறது என்று பார்க்கிறோம். அடிக்குறிப்பைப் பிடித்துக்கொண்டு இன்னொருவர் அதே ஆவணத்துக்குப் போய்ச் சேர முடிய வேண்டும். நூல் வெளிவந்த பிறகு மூன்று, நான்கு ஆண்டுகள் வரை மதிப்புரைகள் வந்துகொண்டிருக்கும். அப்போதுதான் துறை அந்த நூலை ஏற்றதா என்பது தெரியும்.

ஆய்வு மாணவி

ஐயா, இடையில் ஒரு ஐயம். நான் நிகழ்த்துகலைத் துறையில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். என் ஆய்வின் ஒரு பகுதி அரங்கேற்றம். மறு பகுதி அதன் உருவாக்கத்தையும் தேர்வுகளையும் காரணங்களோடு விளக்கும் எழுத்து. எழுத்தை மட்டும் பதிந்துகொண்டு, அரங்கேற்றத்தை 'விழா நிகழ்ச்சி' என்ற தலைப்பில் போடுகிறார்கள். கணினி அறிவியலில் இருக்கும் என் தோழியும், மாநாட்டுக் கட்டுரையை இரண்டாம் தரமாகப் பதிகிறார்கள் என்று குறைப்படுகிறாள். இவற்றுக்கும் பட்டியலில் உரிய இடம் உண்டா?

நூலகப் பொறுப்பாளர்

கட்டாயம் உண்டு அம்மா. கணினி அறிவியலில் முதன்மையான வெளியீடே மாநாட்டுக் கட்டுரைதான். கடுமையான மதிப்பாய்வுக்குப் பிறகே அதை ஏற்கிறார்கள். வேறு பல துறைகளில் மாநாட்டில் படிப்பது முதல் வரைவு மட்டுமே. இரண்டையும் 'மாநாடு' என்ற ஒரே கட்டத்தில் அடைப்பதால் வரும் குழப்பம் இது. அரங்கேற்றத்துக்கு ஒலி, ஒளிப் பதிவும் குறிப்பேடும் இருந்தால் நிலையான இணைய அடையாள எண்ணோடு சேமிக்கலாம். தரவுத் தொகுப்புகளுக்கும் மென்பொருளுக்கும் அப்படி எண் கொடுப்பது இப்போது இயல்பாகிவிட்டது.

ஒரு பின்னணியையும் இங்கே சொல்ல வேண்டும். எந்தக் கட்டுரையை எவை மேற்கோள் காட்டின என்று பட்டியலிடும் யூஜீன் கார்ஃபீல்டின் அறிவியல் மேற்கோள் அட்டவணை 1964இல் வந்தது. சமூக அறிவியலுக்கு 1973இல், கலை மற்றும் இலக்கியம், வரலாறு போன்ற மானுடப் புலங்களுக்கு 1978இல் தனி அட்டவணைகள் வந்தன. மூன்றுமே இதழ்களை அடிப்படையாகக் கொண்டவை. நூல்களுக்கான மேற்கோள் அட்டவணை 2011 வரை காத்திருந்தது. முதலில் கட்டிய வீட்டின் அளவுக்குத்தான் பின்னால் வந்த அறைகளும் அமைந்தன. தரவுத்தளத்தில் இருப்பதை மட்டும் இறக்கி எண்ணும்போது, அந்தப் பழைய வரிசை நம் அட்டவணையிலும் வந்து உட்கார்ந்துவிடுகிறது.

பொருளியல் பேராசிரியர்

எல்லோரும் அகலத்தைப் போற்றுகிறீர்கள். நான் சற்று எதிர்த்திசையில் நிற்கிறேன். அகலம் தன்னளவில் ஒரு சிறப்பா? 1895இல் தொடங்கிய லண்டன் பொருளியல் பள்ளி சமூக அறிவியல்களோடு நின்றுகொண்டது. 1901இல் மருத்துவ ஆய்வு நிறுவனமாகப் பிறந்த ராக்கஃபெல்லர் பல்கலைக்கழகம் இன்றும் உயிர் அறிவியல்களை மையமாகக் கொண்டே இயங்குகிறது. மரபுப் பண்பைக் கடத்தும் பொருள் டி.என்.ஏ. என்று ஆஸ்வால்ட் ஏவரியும் உடன் ஆய்வாளர்களும் 1944இல் காட்டியது அங்கேதான். எல்லாத் துறைக்கும் ஒரு கட்டடமும் இரண்டு ஆசிரியர்களும் கொடுத்து, எதையும் ஆழமாகச் செய்யாத நிறுவனத்தைப் பரந்த பல்கலைக்கழகம் என்று பாராட்டலாமா? அகலக் கால் வைக்காதே என்று பெரியவர்கள் சொன்னது சும்மா இல்லை. நீண்ட பட்டியல், பல தலைப்புகள் என்று காட்டுவது விளம்பரத்துக்கு உதவலாம். அறிவுக்கு உதவுமா என்பதே என் கேள்வி.

வேதியியலாளர்

பேராசிரியரின் கேள்விதான் இந்த இழையின் மையம் என்று கருதுகிறேன். இரண்டிரண்டு பேரைப் பல துறைகளில் உட்கார வைப்பது அகலம் ஆகாது என்பதில் உடன்படுகிறேன். ஆழமாக வேலை செய்கிற துறைகள் அருகருகே இருக்கும்போது, ஒன்றின் கேள்விக்கு இன்னொன்றிடம் விடை கிடைக்கிறது. அகலத்தின் பயனை அங்கே தேட வேண்டும்.

வரலாற்று ஆய்வாளர் சொன்ன அதே சிகாகோவுக்கு வருகிறேன். 1940களின் இறுதியில் வில்லார்ட் லிபி அங்கே வேதியியல் பேராசிரியர். உயிருள்ளவை காற்றிலிருந்து கதிரியக்கக் கார்பனை எடுத்துக்கொண்டே இருக்கின்றன. இறந்ததும் வரவு நின்றுவிடுகிறது, இருந்தது மட்டும் சிதைகிறது. அதில் பாதி சிதைய ஆகும் காலம், அதாவது அரையாயுள், சுமார் 5,730 ஆண்டுகள். ஆகவே எஞ்சியதை அளந்தால் இறந்து எவ்வளவு காலம் ஆயிற்று என்று சொல்லலாம் என்றார். கருத்து அழகானது. ஆனால் அது சரிதான் என்று எதைக் கொண்டு காட்டுவது? வயது ஏற்கெனவே தெரிந்த மரத்துண்டுகள் வேண்டும். வேதியியல் ஆய்வகத்தில் அவை இல்லை. வரலாற்றையும் தொல்லியலையும் கற்றவர்களிடம் இருந்தன. எகிப்திய மன்னர்கள் ஜோசர், ஸ்னெஃபெரு ஆகியோரின் கல்லறை மரங்களும், அதே பல்கலைக்கழகத் தொல்லியலாளர்கள் அகழ்ந்த, இன்றைய துருக்கியிலுள்ள தாயினாத் அரண்மனைத் தளத்தின் மரமும் லிபிக்குக் கிடைத்தன. அவற்றின் வயதைச் சொன்னவை அரச வரிசைகளும் கல்வெட்டுகளும் மண்ணடுக்கு ஆய்வும். 1949இல் லிபியும் ஜேம்ஸ் அர்னால்டும் வெளியிட்ட கட்டுரையில் தெரிந்த வயதும் அளந்த வயதும் ஒரே வளைகோட்டில் பொருந்தி நின்றன. 1960இல் லிபிக்கு வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. பழைய எழுத்துகளைப் படித்து ஆட்சியாண்டுகளை வரிசைப்படுத்திய அறிஞர்களின் உழைப்பு அந்த வளைகோட்டின் பல புள்ளிகளில் இருக்கிறது.

கதை அங்கே முடியவில்லை. காற்றில் கதிரியக்கக் கார்பன் என்றும் ஒரே அளவில் இருந்தது என்று லிபி கொண்டார்; அது ஏறி இறங்கியிருக்கிறது என்று பின்னால் தெரியவந்தது. திருத்துவதற்கு ஆண்டு ஆண்டாக வயது தெரிந்த பொருள் தேவைப்பட்டது. அது அரிசோனா பல்கலைக்கழகத்தின் மரவளைய ஆய்வகத்தில் இருந்தது. அந்த ஆய்வகத்தை 1937இல் நிறுவிய ஆண்ட்ரூ டக்ளஸ் ஒரு வானியலாளர். சூரியனில் தோன்றும் கரும்புள்ளிகளின் சுழற்சி பூமியின் மழையில் தெரிகிறதா என்று அறிய, மரங்களின் வளையங்களை அளக்கத் தொடங்கியவர் அவர். வறண்ட ஆண்டில் வளையம் ஒடுங்கும், மழை ஆண்டில் அகலும். அந்த வரிசையை ஒரு மரத்திலிருந்து அடுத்த மரத்துக்கு ஒட்டிக்கொண்டே பின்னோக்கிப் போகலாம். நெடுங்காலம் வாழும் ஊசியிலைப் பைன் மரங்களைக் கொண்டு ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு நீண்ட அந்த வரிசைதான், பின்னால் கார்பன் காலக்கணிப்பைத் திருத்திக் கொடுத்தது. வானியலாளரின் கேள்வி, தாவரத்தின் உடல், வேதியியலாளரின் அளவீடு, தொல்லியலாளரின் காலவரிசை. இவற்றில் ஒன்றை நீக்கினாலும் மற்றவை தடுமாறும்.

குறுகிய நிறுவனங்களும் பெரும் பணி செய்திருக்கின்றன, மறுப்பில்லை. ஆனால் அவையும் அடுத்த நிறுவனத்தின் கணிதத்தையும் கருவியையும் வாங்கித்தான் செய்தன. பரந்த பல்கலைக்கழகத்தில் அதைக் கேட்டு வாங்க ஒரு வளாகத்தைக் கடந்து நடந்தால் போதும்.

பொருளியல் பேராசிரியர்

மரவளையச் சான்று வலுவானது. ஆனால் வளாகத்தைக் கடந்து நடப்பவர்கள் உண்மையில் எத்தனை பேர்? பக்கத்துக் கட்டடத்தில் என்ன ஆய்வு நடக்கிறது என்று தெரியாமலே ஓய்வு பெறுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். அகலம் இருப்பது வேறு, அது பயன்படுவது வேறு. அட்டவணை காட்ட வேண்டியது இரண்டாவதைத்தான்.

மருத்துவப் புள்ளியியலாளர்

இதில் பேராசிரியரோடு நிற்கிறேன். எண்ணுவது என்று வந்தால் கடன் வாங்கியதை எண்ணுங்கள். எங்கள் சோதனைகளில் பாதி வேலை, கேள்வித்தாளை நோயாளி புரிந்துகொள்ளும் மொழியில் அமைப்பது. அதை மொழியியலாளரும் சமூகவியலாளரும் செய்து கொடுக்கிறார்கள். கட்டுரையின் கடைசியில் நன்றி என்று ஒரு வரியோடு அவர்கள் நின்றுவிடுகிறார்கள். அந்த வரியை எந்தத் தரவுத்தளமும் அவர்கள் துறையின் ஆய்வாகக் கணக்கில் எடுப்பதில்லை.

நூலகப் பொறுப்பாளர்

எனக்கு வேண்டிய வழி கிடைத்துவிட்டது. இந்த ஆண்டு மொத்த எண்ணிக்கையை முதல் பக்கத்தில் போடப் போவதில்லை. ஒவ்வொரு துறையும் தன் வெளியீட்டு வடிவங்களைத் தானே பெயரிட்டுக் கொடுக்கட்டும்: நிறுவல், சோதனைப் பதிவு, நூல், பதிப்பு, அகராதித் தொகுதி, அரங்கேற்றம், மென்பொருள், மாநாட்டுக் கட்டுரை என்று எதுவாக இருந்தாலும் சரி. தொடர்ந்து நடக்கும் நெடும்பணிகளுக்குத் தனிப் பகுதி வைத்து, இந்த ஆண்டில் எது வரை வந்திருக்கிறது என்று இரண்டு வரிகள் கேட்கப் போகிறேன். கணக்குக் கேட்பவர்களுக்குத் துறைக்குள்ளான எண்ணிக்கை பின்னிணைப்பில் இருக்கும். துறைகளுக்கு இடையே கூட்டல் இருக்காது.

கடைசியாக ஒரு புதிய கட்டம்: பிற துறையிலிருந்து பெற்றது. கருவி, தரவு, மூல ஆவணம், முறை எதுவாயினும் பதிவாக வேண்டும். ஆசிரியர்களிடம் படிவம் கொடுத்தால் பலர் நிரப்ப மாட்டார்கள் என்பதுதான் என் தயக்கம். வேறு எங்கிருந்து எடுக்கலாம்?

வரலாற்று ஆய்வாளர்

படிவம் வேண்டாம் ஐயா. கட்டுரைகளில் முடிவுக்குப் பின்னுள்ள நன்றிப் பத்தியையும், நூல்களில் முன்னுரையின் கடைசி இரண்டு பக்கங்களையும் படித்தால் போதும். யார் யாரிடம் போய் எதைக் கேட்டார்கள் என்பது பெரும்பாலும் அங்கே எழுதப்பட்டிருக்கும். என் துறையின் சென்ற ஆண்டு நூல்களுக்கு அதை நானே எடுத்துத் தருகிறேன்.

ஆய்வு மாணவி

ஆய்வேடுகளின் நன்றியுரைகளை நானும் தோழியும் பார்க்கிறோம் ஐயா. எந்த ஆண்டிலிருந்து தொடங்க வேண்டும் என்று மட்டும் சொல்லுங்கள்.